கருகிய குடுவைப் படங்கள்

பசுமலைக் கல்லூரி ஒன்றின் வேதியியல் ஆய்வகத்தில் நான் ஸ்டோர் கீப்பராக இருந்தபோது ஓர் ஆராய்ச்சி மாணவியைப் பார்த்தேன். கோட்டெல்லாம் அமிலம் பட்ட ஓட்டைகள், முகமெல்லாம் சிரிப்பு. சோதனை கருகும்போதெல்லாம் குடுவையைப் படமெடுத்து, "இன்னைக்குப் புளிக்காய்ச்சல் ரெடி" என்று சோஷியல் மீடியாவில் போடுவார். எங்கெங்கோ இருக்கும் வேதியியல்காரர்கள் பதிலுக்குத் தங்கள் கருகல்களைப் போடுவார்கள்.

"தோத்ததையாம்மா ஊருக்குக் காட்டுறது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இம்புட்டுப் பேரும் தோத்துக்கிட்டுத்தாண்ணே இருக்காங்க. அது தெரிஞ்சதாலதான் மறுநாளும் வாரேன்."

மூன்றாம் வருடம் ஒரு காலையில் குடுவைக்குள் அவர் இத்தனை நாளும் எதிர்பார்த்த படிகங்கள் வெள்ளைவெளேரென்று இறங்கியிருந்தன. அவர் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்க, நான்தான் படமெடுத்தேன். "வந்துருச்சு" என்று மட்டும் எழுதிப் போட்டார். மதியத்துக்குள் முகம் தெரியாத நூற்றுக்கணக்கானோர், "ஜெயிச்சுட்டோம்!" என்று எழுதியிருந்தார்கள். குடுவை எடுத்துக் கொடுத்த எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது.