கிரவீனில் விசிலடிக்கும் மரமனிதன்

சென்னையிலிருந்து வேலை விஷயமாக சிட்னிக்கு வந்திருக்கிறேன். சாவி கொடுத்தால் பாடும் பழைய ஜெர்மன் மரப் பொம்மைகளைச் சேர்ப்பவள் நான். அப்படி ஒன்று விற்பனைக்கு என்று இணையத்தில் விளம்பரம் பார்த்து, ஞாயிறு மதியம் கிரவீன் புறநகரில் ஒரு வீட்டுக்குப் போகிறேன். கதவைத் திறப்பவர் வயதான யாழ்ப்பாணத்து அம்மா.

சமையலறை மேசையில் அது நிற்கிறது. விளக்குக் கம்பத்தில் சாய்ந்த, நசுங்கிய தொப்பி போட்ட மரமனிதன். அம்மா சாவியை முறுக்குகிறார். தலை இடமும் வலமும் திரும்ப, குவிந்த உதடுகளிலிருந்து விசில் வருகிறது. வீட்டில் வேறு சத்தமே இல்லை. பாட்டு முடிந்ததும் விலை கேட்கிறேன்.

“விக்கிறதுக்கில்லை, பிள்ளை,” என்கிறார் என்னைப் பார்க்காமல். “என்ரை மனுசன் செத்தாப்பிறகு இதை நான் மட்டும்தான் கேக்கிறன். விளம்பரம் போட்டால் ஆரும் வருவினம் எண்டு நினைச்சன். கோவிக்காதேங்கோ.”

கோபம் வரத்தான் செய்கிறது. பல வருடங்களாகத் தேடிய பொம்மை. ஆனால் ஹோட்டல் அறையில் எனக்காகக் காத்திருப்பவர் யாருமில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்கிறேன்.

“இன்னொரு தடவை சாவி கொடுங்கம்மா.”

“நீங்களே குடுங்கோ,” என்று பொம்மையை என் பக்கம் நகர்த்துகிறார்.