ரெய்னர்ஸ் லேனிலிருந்து ஒரு குரல்

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு ஆப்கானிஸ்தானிலிருந்து ஒரு தம்பதி குடிவந்தபோது எனக்கு ஒன்பது வயது. அந்த அன்ரிக்கு ஆங்கிலம் தெரியாது. வேலிக்கு மேலால் என்னைப் பார்த்துச் சிரிப்பார். எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு.

ஒரு சனிக்கிழமை அவர் கைப்பேசியை நீட்டியபடி எங்கள் வாசலுக்கு ஓடிவந்தார். அம்மா வாங்கிக் காதில் வைத்தார். மருத்துவமனையிலிருந்து பேசினார்கள். கட்டட வேலைக்குப் போன கணவர் சாரக்கட்டிலிருந்து விழுந்துவிட்டார். கால் முறிந்து அறுவைச் சிகிச்சை நடக்கிறது, உயிருக்கு ஆபத்தில்லை. அம்மா இதைச் சைகையால் சொல்லப் பார்த்தார். மயக்க மருந்தைக் காட்டுவதற்காகக் கண்களை மூடித் தலையைச் சாய்த்தார். அன்ரி அலறிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, நீங்கள் சும்மா இருங்கோ. நான் ஆள் பிடிக்கிறன்" என்றார் எங்களோடு இருந்த மாமா, அம்மாவின் தம்பி.

டாக்ஸி ஓட்டும் மாமாவுக்கு, லண்டனில் தனக்குத் தெரியாதவர் யாருமில்லை என்று ஓர் எண்ணம். டூட்டிங்கில் கடை வைத்திருந்த ஓர் ஆப்கானியரை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். அவர் பஷ்தோவில் பேசினார், அன்ரிக்கு விளங்கவில்லை. அப்படியானால் நூரிஸ்தான் பக்கமாக இருக்கும் என்று சொல்லி இன்னொருவரின் எண்ணைக் கொடுத்தார். அவரும் நூரிஸ்தான்காரர்தான், ஆனால் அவர் பேசியது கதி மொழி. அதுவும் விளங்கவில்லை. அந்த மலைகளில் பள்ளத்தாக்குக்கு ஒரு மொழியாம். அன்ரியுடையது வாஸி-வாரி என்ற மொழியாக இருக்கலாமாம்.

"அதைப் பேசுற ஒருத்தரும் இஞ்சை இல்லையோ?" என்றார் அம்மா.

"பொறுங்கோ, ரெய்னர்ஸ் லேனிலை ஒராள் இருக்கிறாராம். சமையல் வேலை" என்றார் மாமா.

மாமா அந்த எண்ணை அழுத்த, மணி அடித்துக்கொண்டேயிருந்தது. எடுத்தவரிடம் மாமா ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொல்ல, ஸ்பீக்கரில் வேறொரு மொழியில் அந்தக் குரல் வந்தது. அன்ரி விசுக்கென்று நிமிர்ந்தார். ஏதோ கேட்டார், பதில் வந்தது. மறுபடியும் அதையே கேட்டார், அதே பதில். கண்களைத் துடைத்துக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்தார். நான் சோபாவில் ஏறிக் குதித்தேன்.

மருத்துவமனைக்குப் போக மாமா கார்ச் சாவியை எடுத்துவிட்டார். அன்ரியோ போனை விடுவதாயில்லை. சமையல்காரர் ஒரு சொல்லைச் சொல்ல, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். திரும்பச் சொல்ல வைத்து இன்னும் சிரித்தார். பொறுமையிழந்த மாமா என்ன கதை என்று சமையல்காரரிடம் ஆங்கிலத்தில் கேட்டு, எங்களுக்குச் சொன்னார்:

"இவர் பள்ளத்தாக்கின்ரை கீழ்ப்பக்கமாம், அவ மேல்பக்கம். அக்ரூட் கொட்டைக்கு இவர் பக்கத்து ஆக்கள் சொல்லுற சொல் அவவுக்குப் பகிடியாய்க் கிடக்காம். இஞ்சை வந்தபிறகு புருஷனைத் தவிர வேறை ஒருத்தர் தன்ரை மொழி பேசிறதை இண்டைக்குத்தான் கேக்கிறாவாம்."

புருஷன் கால் முறிந்து கிடக்க, அக்ரூட்டுக்கு ஒரு சிரிப்பா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. காரில் அன்ரிக்குப் பக்கத்தில் இருந்தேன். சன்னலுக்கு வெளியே பார்த்தபடி அவர் அந்தச் சொல்லை, சமையல்காரர் சொன்ன மாதிரியே, மெதுவாகத் தனக்குள் சொல்லிக்கொண்டு வந்தார். பிழையாகச் சொன்ன சொல்லை எதற்காக இப்படித் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை.