பாதி என்றொரு பதில்

அக்கா வீட்டுக் கண்ணாடி அலுமாரியில், கோப்பைகளுக்கும் சாமி படத்துக்கும் நடுவில், ஒரு தேயிலைச் சாம்பிள் டின் இருக்கிறது. அதற்குள் பஞ்சில் சுற்றி வைத்திருப்பது அத்தானின் பேஸ்மேக்கர். இதயம் துடிக்க மறந்தால் தட்டி எழுப்புவதற்காக நெஞ்சுத் தோலுக்கு அடியில் வைக்கிற சின்ன மெசின். உடலை எரிப்பதற்கு முன் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நெருப்பில் வெடிக்கும் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். தீப்பெட்டி அளவுதான் இருக்கும், வழவழவென்று மினுங்குகிறது. போன வாரம் ராகலைக்குப் போயிருந்தபோது அக்கா அதை என் உள்ளங்கையில் வைத்தாள். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் முதலில் வந்தது. இந்தச் சின்னச் சாமானை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் எங்களை என்ன பாடு படுத்தினார்!

அத்தான் ராகலைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்து ஃபெக்டரியில் டீமேக்கராக இருந்தார். கொழுந்து எவ்வளவு வாட வேண்டும், எப்போது அடுப்புக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்கிற ஆள். வேலை முடிந்தால் விஞ்ஞானக் கதைகள்தான். பழைய துரை ஒருவர் பங்களாவில் விட்டுப்போன ஆங்கிலப் புத்தகங்களில் தொடங்கிய பைத்தியம் அது. நுவரெலியாவில் மருந்துக் கடையில் நிற்கிற எனக்கும் அதே பைத்தியம் உண்டு என்பதால் அக்கா இரண்டு பேரையும் சேர்த்தே திட்டுவாள். எங்களைப் போல இன்னும் இரண்டு பேர் அகப்பட்டார்கள். கொத்மலையில் ஆங்கிலம் படிப்பிக்கிற டீச்சர் ஒருவர், பட்டிப்பொல ஸ்டேஷனில் வேலை செய்கிற அண்ணன் ஒருவர். வாட்சப்பில் ஒரு குழு தொடங்கினோம். "வேலையத்த கூட்டம்" என்பது அக்கா அதற்கு வைத்த பெயர்.

சனிக்கிழமை பின்னேரம் தொடங்கி ஞாயிறு பொழுது சாயும்வரை ஆட்டம் நடக்கும். ஒருவர் எதிர்காலக் கதையில் வரக்கூடிய ஒரு பொருளை மனதில் நினைத்துக்கொள்வார். மற்றவர்கள் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். பதில் 'ஆம்' அல்லது 'இல்லை', வேறு ஒரு சொல்லும் கூடாது. எவ்வளவு சுலபமான சட்டம்! ஸ்டேஷன் அண்ணன் எப்போதும் ஏதாவது ஒரு ரயிலைத்தான் நினைப்பார், பறக்கிற ரயில், கடலுக்கடியில் போகிற ரயில் என்று. பாவம், உடனே பிடித்துவிடுவோம். டீச்சரின் கேள்விகள் பரீட்சைத் தாள் நீளத்துக்கு இருக்கும். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். அத்தானைத்தான் பொறுக்க முடியாது. ஒருமுறை அவர் நினைத்தது செவ்வாய்க் கிரகத்துக் குடை. அங்கே மழையே இல்லையே என்று நாங்கள் சண்டைக்குப் போனால், "மழை இல்லன்னா கொடை இருக்கக் கூடாதா? ஆசைக்கு ஒன்னு வச்சிருந்திருப்பாங்க" என்று எழுதினார். அன்றைக்கு டீச்சர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டே போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை கெஞ்சிக் கூட்டிவர வேண்டியிருந்தது.

இன்னொரு தொல்லை, அவருடைய பதில் வந்து சேருவதற்குள் எங்கள் தேநீர் ஆறிவிடும். அவர்கள் வீட்டில் போனில் பேச முடியும், வாட்சப் ஓடாது. ஃபெக்டரியின் மேல் மாடியில், கொழுந்து வாட்டுகிற தட்டுகளைத் தாண்டிக் கடைசி ஜன்னலில் மட்டும்தான் அது ஓடும். கேள்விகளைப் படித்துவிட்டுக் கீழே போவார், யோசித்துக்கொண்டு திரும்ப ஏறி வந்து பதில் போடுவார். கடைசிக் காலத்தில் அந்தப் பதில்கள் மேலும் மேலும் பிந்தின. "அத்தான் என்ன, செவ்வாயில இருந்தா ஏறி வாறீங்க?" என்று நானே கிண்டல் செய்து எழுதியிருக்கிறேன். சிக்னல் சரியில்லை என்பார். நாங்களும் நம்பினோம், அந்த மலையில் சிக்னலைப் பழி சொன்னால் நம்பாதவர் யார்?

அந்தச் சனிக்கிழமை அவருடைய முறை. எப்போதும் போல முதல் கேள்வி என்னுடையது. "அது உயிருள்ளதா?" என்று கேட்டேன். வெகு நேரம் கழித்துப் பதில் வந்தது: "பாதி."

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. பாதியாம்! ஆமா இல்லையா என்று கேட்டால் பாதி என்று ஒரு பதிலா? காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் கங்காணி பேர் கூப்பிடும்போது பாதி வந்திருக்கிறேன் என்று யாராவது சொல்வார்களா? திட்டி எழுதினேன். பிறகு டீச்சர், மனித உடலுக்குள் இருக்குமா என்று கேட்டார். ஆம். மின்சாரத்தில் ஓடுமா என்றார் ஸ்டேஷன் அண்ணன். ஆம். மனிதனை அது கட்டுப்படுத்துமா? ஆம். மனிதன் அதை விரும்பி ஏற்றுக்கொள்வானா? அதற்கு மறுநாள் காலையில்தான் பதில் வந்தது: இல்லை. எந்தக் காலத்தில் நடக்கிற கதை என்று நான் எரிச்சலோடு கேட்டதற்கு, "வார திங்கக்கெழம" என்று எழுதினார். எல்லோரும் சிரிக்கிற பொம்மைகளாகப் போட்டோம்.

இப்போது இதைப் படிக்கிற யாரும் உடனே கண்டுபிடித்துவிடுவீர்கள். தெருவில் போகிற ஒருவரை நிறுத்திக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். ஆனால் நாங்கள் விஞ்ஞானக் கதை வாசகர்கள் இல்லையா, பக்கத்தில் இருப்பது எங்கள் கண்ணுக்குப் படுமா? மூளைக்குள் முட்டையிடும் வேற்றுலகப் பூச்சி என்றார் டீச்சர். ஆட்களை ஆட்டிவைக்க அரசாங்கம் நரம்பில் பொருத்தும் சில்லு என்றேன் நான். வயிற்றுக்குள் ஓடுகிற மிகச் சின்ன ரயில் என்றார் ஸ்டேஷன் அண்ணன். இல்லை, இல்லை, இல்லை. ஒவ்வொரு இல்லைக்கும் நாங்கள் பூமியை விட்டு இன்னும் தூரமாகப் போய்க்கொண்டிருந்தோம்.

ஞாயிறு மத்தியானம் அக்கா எனக்குப் போன் எடுத்தாள். வேறு ஏதோ கதைத்துவிட்டுக் கடைசியில் அலுத்துக்கொண்டாள். "ஒங்க அத்தானுக்கு என்னா புடிச்சிருக்குன்னு தெரியலடி. நாளைக்கு கண்டிக்கு மீட்டிங்காம், பேக்கு கட்டி வச்சிருக்காரு. கொஞ்ச நேரத்துல போவலன்றாரு, பொறவு போவேன்றாரு. படியில பாதிக்குப் பாதி குந்திக் குந்தித்தான் ஏறுறாரு. கேட்டா கதைய யோசிக்கிறேன்றாரு. ஏதோ மாத்திரை வேற முழுங்குறாரு, ஹட்டன்ல வாங்குனதாம்."

ராகலையில் இருக்கிறவர் ஹட்டனுக்குப் போவதென்றால் நுவரெலியாவைத் தாண்டித்தான் போக வேண்டும். என் கடை வாசலைத் தாண்டி! மருந்துக் கடையில் நான் நிற்கிறேன் என்பதற்காகவே என்னைத் தாண்டிப் போய் வாங்கியிருக்கிறார். அந்த நொடியில் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது. படியில் குந்துவது, ஒளித்து வாங்கிய மாத்திரை, உடம்புக்குள், மின்சாரத்தில், திங்கட்கிழமை. கடையைக் கூட வேலை செய்கிற பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டு ராகலை பஸ்ஸில் ஏறினேன். வழி நெடுகத் திட்டிக்கொண்டே போனேன், பக்கத்தில் இருந்த அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். பயமாகவும் இருந்தது. இந்த மனுஷன் போகாமல் இருந்துவிட்டால், அடுத்த சனிக்கிழமை இவர் இருப்பாரா என்ற பயம்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஃபெக்டரியின் மேல் மாடி வெறுமையாகக் கிடந்தது. கடைசி ஜன்னலுக்குக் கீழே ஒரு சாக்கில் உட்கார்ந்திருந்தார், கையில் போன். படி ஏறி எனக்கே மூச்சு வாங்கியது.

"பேஸ்மேக்கர்தானே அத்தான்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "மெசேஜா போடு புள்ள. வாயால சொன்னா செல்லாது."

அடித்திருப்பேன். அவருக்கு இதயம் சரியாக இருந்திருந்தால் நிச்சயமாக அடித்திருப்பேன். அவர் முன்னாலேயே நின்று குழுவில் எழுதிப் போட்டேன். போன் அவர் கையில் சத்தமிட்டது. நிதானமாகப் படித்துவிட்டு 'ஆம்' என்று பதில் போட்டார். உடனே ஸ்டேஷன் அண்ணன் பாய்ந்து வந்தார்: அது இப்பவே இருக்கிற சாமான், எதிர்காலம் இல்லை, ஆட்டம் செல்லாது! டீச்சரும் அதை ஆமோதித்தார். யாருக்கு, எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

"நான் வாலிபத்துல படிச்சப்ப அது கதைதான்" என்றார் அத்தான், என்னிடம். "நெஞ்சுக்குள்ள மெசின் வச்ச ஆளு. படிச்சிட்டு ராவெல்லாம் தூக்கம் வரல. உள்ளுக்க அது ஓடுனா, ஓடுறது நானா, அதுவா? ஒங்க அக்காகிட்ட சொல்ல வாய் வரல. நீங்களா கண்டுபுடிச்சா போவோம், இல்லாட்டி சும்மா இருந்துருவோம்னு நெனச்சேன்."

ஒரு உயிரை, அதுவும் என் அக்காவின் உயிரோடு கட்டியிருக்கிற உயிரை, வாட்சப் ஆட்டத்தில் பணயம் வைத்திருக்கிறார்! வயிற்றுக்குள் ரயில் ஓடவிடுகிற மூன்று பைத்தியங்களை நம்பி! எனக்குக் கோபத்தில் கண்ணீர் வந்துவிட்டது. "பாதி நீங்க, பாதி மெசினாவே இருங்க அத்தான். பாதி அத்தான் போதும் எங்களுக்கு. முழு அத்தானத்தான் தாங்கவே முடியலயே!" என்று கத்தினேன். அந்த வெறும் மாடியில் என் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. அவர் சிரித்தார். பிறகு எழும்புவதற்காகக் கையை நீட்டினார். இரண்டு பேரும் படிக்குப் படி நின்று இறங்கி வந்து அக்காவிடம் சொன்னோம். அன்றைக்கு அவர் வாங்கிய திட்டு எனக்கு ஆறுதலாக இருந்தது.

திங்கட்கிழமை கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனார். வைத்துக்கொண்டு வந்து, இன்னும் பல வருஷம் எங்களைப் பாடாய்ப் படுத்தினார். சட்டம் தெரிந்தும் 'கிட்டத்தட்ட', 'மத்தியானத்துக்கு மேல் ஆம்' என்றெல்லாம் பதில் போட்டார். கடைசியில் அவரைக் கொண்டுபோனது இதயம் இல்லை, நெஞ்சுச் சளி. அதிலும் எங்களை ஏமாற்றிவிட்டுத்தான் போனார். எதிர் மலையில் இப்போது டவர் போட்டிருக்கிறார்கள். அக்காவின் அடுப்படியிலேயே வாட்சப் ஓடுகிறது, எந்தப் படியும் ஏற வேண்டியதில்லை. குழுவில் நாங்கள் மூன்று பேர் 'ஆம்', 'இல்லை' என்று ஒழுங்காக விளையாடுகிறோம். சீக்கிரமே முடிந்துவிடுகிறது.

போன வாரம் என் உள்ளங்கையில் அதை வைத்துவிட்டு அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருக்கிற பெட்டரி முடிய இன்னும் காலமிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அதுவரை துடிப்பை அனுப்பிக்கொண்டுதான் இருக்கும், வாங்கிக்கொள்ள நெஞ்சு இல்லாவிட்டாலும். அக்கா எங்கள் குழுவில் ஒருநாளும் இருந்ததில்லை. எங்கள் சட்டமும் அவளுக்குத் தெரியாது.

"ஏன்டி, நீ மருந்துக் கடையில இருக்கியே, ஒனக்குத் தெரியும்தானே" என்றாள். "இதுக்கு இன்னும் உசிரு இருக்கா?"

ஆம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, இல்லை என்று சொல்லவும் வரவில்லை. கடைசி ஆட்டத்திலும் அந்த மனுஷன்தான் ஜெயித்தார்.

"பாதிக்கா" என்றேன்.