மீட்டர் பொய் சொல்லாது

வீடு வீடாகப் போய்க் கரண்ட் மீட்டர் பார்ப்பது என் வேலை. பில் கூடிவிட்டது என்று சண்டைக்கு வருகிறவர்களிடம் சொல்ல என்னிடம் ஒரே பதில்தான் உண்டு: "மீட்டர் பொய் சொல்லாதுங்க." பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி எனக்கே அதில் ஒரு பக்தி வந்துவிட்டது. அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், இரத்தத்தில் சீனி பார்க்கிற சின்ன மெஷின் என் இரண்டு வயது மகளைப் பற்றிச் சொன்னதை என்னால் நம்பாமல் இருக்க முடியவில்லை.

மெஷின் என்னுடையது. எனக்குச் சீனி வருத்தம் இருப்பது முந்தின வருஷம்தான் தெரியவந்தது. என் மனைவி அன்றைக்கே சீனி டின்னைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பிள்ளையின் பாலுக்குக்கூடச் சீனி கிடையாது.

அன்று பின்கதவுப் பக்கமிருந்து மனைவி என்னைக் கூப்பிட்ட குரலே சரியில்லை. போய்ப் பார்த்தால், மகளின் ஈரக் காற்சட்டையை ஒரு குச்சியால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அதில் எறும்பு. ஒன்றிரண்டு இல்லை, கறுப்பாக மொய்த்துக் கிடந்தது.

"மூத்திரத்துல எறும்பு மொய்க்குதுங்க. ரெண்டு மூணு நாளா தண்ணி தண்ணின்னு வேற கேக்குது பிள்ள."

"அடிக்கிற வெயிலுக்கு நானுந்தான் தண்ணி குடிக்கிறேன்" என்று எரிந்து விழுந்தேன். பயம் வந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும்.

அவள் என்னையே பார்த்தாள். "உங்களுக்கு இருக்கிறது பிள்ளைக்கும் வந்திருச்சோ?" என்றாள்.

அந்தக் கேள்வியோடு உள்ளே ஓடினேன். மெஷினை எடுத்து வந்தேன். மகளை மடியில் இருத்தி ஒரு விரலில் குத்தினேன். அவள் வீறிட்டு அழுதாள். நானூற்றிப் பன்னிரண்டு என்று காட்டியது. மற்றக் கையில் குத்தினேன். இருநூற்றி எண்பத்தேழு. கரண்ட் மீட்டர் ஏறும், இறங்கவே இறங்காது. ஐந்து நிமிஷத்தில் இப்படி இறங்குகிற மீட்டரை நான் கண்டதே இல்லை. மெஷின் பழுதோ என்று என் விரலில் குத்திப் பார்த்தேன். இருநூற்றி முப்பத்தொன்று. மனைவிக்குத் தொண்ணூற்றேழு. அப்படியென்றால் மெஷினில் பிழையில்லை. பிழை எங்கே என்றுதான் விளங்கவில்லை.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று நான் ஓட்டோவைக் கூப்பிட்டால், அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பைப்படிக்குப் போகிறாள்.

"இந்தக் கோலத்துல கொண்டு போனா என்னா நெனைப்பாங்க?"

நான் கத்தக் கத்த, தலைமுதல் கால்வரை சோப்பு போட்டுக் குளிப்பாட்டி, பவுடர் பூசி, கன்னத்தில் பொட்டும் வைத்துத்தான் ஓட்டோவில் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ் குத்திப் பார்த்தார். தொண்ணூற்றிரண்டு. நான் நம்பவில்லை. திரும்பவும் பார்க்கச் சொன்னேன். தொண்ணூற்றி நான்கு. டொக்டர் இளம் வயதுக்காரர். மகளை நிறுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, வீட்டில் பிள்ளையின் கையைக் கழுவிவிட்டா குத்தினீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார்.

"கழுவினோம்" என்றேன்.

கழுவவில்லை. என் விரலைக்கூட நான் ஒருநாளும் கழுவுவதில்லை, இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டுத்தான் குத்துவேன். மீட்டர் பார்த்தே பிழைக்கிறவனிடம் இப்படி ஒரு கேள்வியா என்று ரோசம் வந்துவிட்டது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

அந்த ஒரு சொல்லால் டொக்டரும் குழம்பிப்போனார். அப்படியானால் விட முடியாது என்று பிள்ளையின் கையிலிருந்து இரத்தம் எடுத்து, சிறுநீரும் எடுத்து அனுப்பினார். ரிப்போர்ட் நாளைக்கு. அதற்குள் வாந்தி வந்தாலோ, சோர்ந்து படுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற சீனி வேறு வகை, அப்பா சாப்பிட்டதால் வருவதில்லை என்றும் சொன்னார். அது எதுவும் என் மண்டையில் ஏறவில்லை.

அன்று பகல் முழுவதும் தொண்ணூற்றிரண்டா நானூற்றிப் பன்னிரண்டா என்றே கிடந்தேன். எதை நம்பிச் சந்தோஷப்படுவது, எதை நம்பி அழுவது? மனைவி முத்துமாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை வாழைப்பழம் கேட்டு அழுதபோது, "நாளைக்கு தாறேன்டா தங்கம்" என்று சொல்லி உள்ளே தூக்கிக்கொண்டு போனாள். மகளோ எதுவும் நடக்காதது போல, பின்கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய என் ரெயின்கோட்டுக்குள் புகுந்து ஒளிந்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் சிரித்தால், நல்லாத்தானே இருக்கிறாள் என்று தோன்றும். தண்ணீர் கேட்டால், இது எத்தனையாவது கோப்பை என்று எண்ணுவேன்.

திங்கட்கிழமை நான் ரிப்போர்ட் எடுக்கக் கிளம்பினபோது ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு மழை. ரெயின்கோட்டை ஆணியிலிருந்து எடுத்து உதறினேன். எறும்பு கொட்டியது.

அதன் பையில் என்ன இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

லக்கல பக்கம் மீட்டர் பார்க்கப் போனால் சில வீடுகளில் பிளேன்டீ தருவார்கள். தேத்தண்ணியில் சீனி இருக்காது. உள்ளங்கையில் ஒரு துண்டு ஹக்குரு, கித்துள் கருப்பட்டி, வைப்பார்கள். அதைக் கொஞ்சம் கடித்துக்கொண்டு ஒரு மிடறு குடிக்க வேண்டும். வெறும் தேத்தண்ணிதான் குடிக்கிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, வாழைச்சருகில் கட்டின பொட்டலமாகவே வாங்கிவந்து அந்தப் பையில் ஒளித்து வைத்திருந்தேன். சைக்கிள் டயர் பார்க்கிற சாக்கில் பின்னால் போய் ஒரு துண்டு கடித்து, உள்ளங்கையை நக்கிவிட்டு வருவேன். வியாழக்கிழமை பார்த்தபோது பொட்டலம் முழுதாக இருந்தது. இப்போது சருகு கிழிந்து, ஹக்குருவின் ஓரம் முழுக்கச் சின்னச் சின்னப் பல் அடையாளம்.

எறும்பு, தாகம், நானூற்றிப் பன்னிரண்டு எல்லாம் அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. எறும்பு மொய்த்தது அவள் காற்சட்டையில் துடைத்த ஹக்குருவுக்கு; மெஷின் அவள் விரலில் ஒட்டியிருந்த என் களவைத்தான் அளந்திருக்கிறது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. பொட்டலத்தை வேலிக்கு அந்தப் பக்கம் வீசிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எப்படியும் ரிப்போர்ட் நல்லதாகத்தான் வரும், மனைவிக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. கையை ஓங்கியும் விட்டேன். அப்போது மகள் ஓடிவந்து உள்ளங்கையைக் குழித்து நீட்டினாள். "தா" என்றாள். நான் பிடிப்பது போலவே பிடித்திருந்தாள்.

பின்னாலேயே மனைவி வந்தாள். பொட்டலத்தைப் பார்த்தாள், பிள்ளையின் கையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். வீடு இரண்டாகப் போகிறது என்று நினைத்தேன். அவள் கத்தவில்லை. படியில் உட்கார்ந்து பிள்ளையின் கையை முகத்தோடு வைத்துக்கொண்டு அழுதாள்.

"நேத்து ஒரு வாழைப்பழம்கூட குடுக்காம வச்சிருந்தேனே பிள்ளைய."

மழையில் நனைந்துகொண்டே போனேன். ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை. டொக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "உங்களுக்குச் சீனி எவ்வளவு இருக்கு?" என்று மட்டும் கேட்டார். நான் ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்தபோது மகள் இரண்டாவது வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மனைவி ரிப்போர்ட்டைக் கடைசி வரிவரைக்கும் படித்து, மடித்து, சாமிப் படத்தடியில் வைத்தாள். பிறகு மெஷினை மேசையில் கொண்டுவந்து வைத்தாள்.

"இப்ப நீங்க. கையைக் கழுவிட்டு வாங்க."

பைப்படிக்குப் போய் சோப்பு போட்டு, நக இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தேன். அவளே குத்தினாள். மூன்று பேருமாக மெஷினின் சின்னக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இருநூற்றி அறுபத்தெட்டு என்று வந்தது.

இன்னொரு தடவை கழுவிவிட்டு வரட்டுமா என்று கேட்டேன்.