ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாத்திரை

வேம்புவை நான் திட்டித்தான் பழகினேன். மயிலாப்பூரில் ஒரு சிறிய அரசு சுகாதார நிலையத்தில் பதினெட்டு வருடமாக நர்ஸ் வேலை எனக்கு. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்க வருகிறவர்களுக்கு மாத்திரையோடு இரண்டு திட்டும் இலவசம். டீனா சிஸ்டருக்கு வாய் நீளம் என்பது வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும்.

வேம்புவுக்கு நாற்பத்தாறு வயது. சைதாப்பேட்டையில் ஆற்றோரம் வீடு. கணவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம். ஒரே மகள் ஹம்சா, கல்லூரியில் இரண்டாம் வருடம். வேம்பு காலை ஐந்தரைக்கு பஸ் ஏறினால், மாட வீதிக்குப் பின்னால் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் மூன்று வீடுகளைப் பெருக்கித் துடைத்து, பாத்திரம் தேய்த்து, துணி உலர்த்திவிட்டு மூன்று மணிக்குத் திரும்புவாள்.

ஆறு வருடமாக அவளுக்குச் சர்க்கரை, கூடவே பிரஷர். மாதாமாதம் ரத்தம் எடுத்தால் சர்க்கரை முந்நூறுக்குக் கீழே இறங்காது. "மாத்திரை போடறியா?" என்பேன். "போட்டுக்கினுதான் கீறேன் சிஸ்டர்" என்பாள். இந்த வருடம் பொங்கல் கழிந்து எடுத்த பரிசோதனையில் உப்பு ஏறியிருந்தது. கிட்னி கெட ஆரம்பிப்பதை இங்கே அப்படித்தான் சொல்வோம். இப்படியே போனால் இரண்டு மூன்று வருடத்தில் வாரம் மூன்று நாள் மெஷினில் படுத்து ரத்தம் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும் என்றார் டாக்டர்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. வீட்டிலிருக்கிற மாத்திரையெல்லாம் கொண்டு வா என்றேன். மறுநாள் ஒரு துணிப்பையை என் மேஜையில் கொட்டினாள். நாங்கள் கொடுத்த அட்டைகள் கிட்டத்தட்ட அப்படியே இருந்தன. மாதத்துக்கு நாலைந்து மாத்திரைதான் பிரித்திருந்தாள்.

"என்ன வேம்பு இது, வாரத்துக்கு ஒண்ணா?"

"ஞாயித்துக்கெழம போடுவேன் சிஸ்டர். அன்னிக்கு லீவு."

"சோத்துக்கு லீவு விடறியா? மாத்திரைக்கு மட்டும் ஏன்?"

வரிசையில் ஆண்கள் நின்றார்கள். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அத்தப் போட்டா ஒன்னுக்கு முட்டிக்கினு வருது. வேல செய்ற வூட்ல எங்க சிஸ்டர் போறது?"

மூன்று வீட்டிலும் சேர்த்து ஏழு பாத்ரூம். ஏழையும் தேய்த்துக் கழுவுகிறவள் அவள்தான். ஒன்றில்கூட அவள் போகக் கூடாது. யாரும் எழுதி ஒட்டவில்லை, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே புரிந்துவிடும். கீழே கார் நிறுத்துகிற இடத்தில் வேலைக்காரர்களுக்கென்று ஒரு கக்கூஸ் உண்டு. அதில் பெயிண்ட் டப்பாக்களையும் உடைந்த டைல்ஸையும் அடைத்துப் பூட்டி நாலு வருடம் ஆகிறது. அதனால் மூன்று மணி வரை வேம்பு ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. மாத்திரைகளில் ஒன்றுதான் நீரைப் பிரிப்பது. எது என்று தெரியாததால் எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். சர்க்கரை ஏறினாலே இன்னும் அதிகமாக முட்டும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? நான் சொல்லவில்லை. ஆறு வருடம் தண்ணி குடி, தண்ணி குடி என்று கத்தினேனே தவிர, குடித்தால் எங்கே போவாய் என்று ஒரு தடவை கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

டாக்டர் அந்த ஒரு மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். தண்ணீருக்கு மாற்று ஏது? நானே போய்ப் பேசுகிறேன் என்றேன். "வாணாம் சிஸ்டர், வம்பாயிடும்" என்றாள் வேம்பு. நான் கேட்டால்தானே.

மூன்று வீடுகளில் ஸ்ரீரஞ்சனி மாமி வீட்டுக்குத்தான் போனேன். மாமி பாட்டு சொல்லிக்கொடுப்பவர். கணவர் சங்கரனுக்கும் இருபது வருடமாகச் சர்க்கரை. புஜத்தில் ஒரு வில்லையை ஒட்டிக்கொண்டு, நிமிஷத்துக்கு நிமிஷம் போனில் சர்க்கரை அளவு பார்க்கிறார். கிட்னிக்கு ஒரு குறையும் இல்லை. எனக்கு நல்ல காபி கொடுத்தார்கள். வேம்புவின் கிட்னி நிலைமையைச் சொன்னேன்.

"அச்சச்சோ. தண்ணி நன்னாக் குடிடின்னு நானும் சொல்லிண்டே இருக்கேன், கேட்டாத்தானே."

"குடிச்சா எங்க போவாங்க மாமி?"

மாமி கணவரைப் பார்த்தார். கணவர் போனைப் பார்த்தார்.

"கீழ ஒண்ணு இருக்கே."

"பூட்டிக் கிடக்கு."

"நேக்குத் தெரியவே தெரியாதே. அசோசியேஷன்ல சொல்றேன்."

சொன்னார். கூட்டமும் போட்டார்கள். பூட்டு பூட்டாகவே இருந்தது. கிட்னி கெட்டவளிடம் வேலை வாங்குவது பாவம், ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று மூன்று வீட்டாரும் சேர்ந்து வேம்புவை நிறுத்திவிட்டார்கள். ஒரு புடவையும், வெந்நீர் வைத்துக் குடிக்க ஒரு ஃப்ளாஸ்க்கும் கொடுத்து அனுப்பினார்கள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவதற்கு இவர்களிடம்தான் படிக்க வேண்டும். அடுத்த வாரமே வேறொருத்தி வந்துவிட்டாள். முப்பது வயது, நோய் ஒன்றும் கிடையாது, இதுவரைக்கும். நோயாளியின் நோயை வெளியே சொல்லாதே என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். நியாயம் கேட்கப் போன வேகத்தில் அதை விட்டுத் தொலைத்தவள் நான்.

போன மாதம் வேம்பு வந்தாள். சர்க்கரை நூற்று முப்பத்தெட்டு. உப்பும் மேலே ஏறவில்லை. நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வூட்லயே கீறேன்ல சிஸ்டர். டைமுக்கு மாத்திர, டைமுக்குத் தண்ணி" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள்.

"ஹம்சாக்கு எதனா மாத்திர குடேன். காலேஜ நிறுத்திட்டு தி.நகர்ல துணிக்கடைக்குப் போய்க்கினு கீது. ஒன்னுக்குப் போனா எரியுதாம்."

"தண்ணி குடிக்கிறாளா?"

"நாள் பூரா நிக்க வச்சிக்கினு, பாத்ரூமுக்கு வுட மாட்றானுங்க சிஸ்டர். குடிக்காம போன்னு நான்தான் சொல்லி அனுப்பறேன்."

ஹம்சாவுக்கு வயது பத்தொன்பது.