சோற்று அறையில் புத்தர்

தொழிற்சங்கத் துண்டுப் பிரசுரம் கொடுப்பவனின் கையைத்தான் உலகம் பார்க்கும், முகத்தைப் பார்க்காது. கேட்டில் நின்று கால் கடுத்த தோழர்களே, உங்களுக்கு இது தெரியும். என்னோடு கோஷம் போட்டவர்கள் கார் வாங்கிவிட்டார்கள். நான் இன்னும் கேட்டில்தான். பௌத்தத்தையும் பெங்களூர் சிவாஜிநகரில் அச்சடித்த மலிவுப் பிரசுரங்களில்தான் படித்தேன். அதில் எனக்கு வெட்கமில்லை. தொம்மலூர் கம்பெனி ஒன்றில், துப்புரவுப் பெண்கள் சோறு தின்ன இருந்த ஒரே அறையைத் தியான அறையாக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர்களுக்கு மாடிப்படிக்கு அடியில், குப்பைக்கூடைகளுக்கு நடுவே சாப்பாடு. அந்த அறையை மீட்க நின்றபோது நடந்தவை இவை.

காரணம் எங்கே?

கம்பெனிக்கு வரும் உளவியல் ஆலோசகர் நல்ல பெண். என் பிரசுரத்தை நின்று வாசித்தார். “புத்தர் சொன்ன துக்கத்தைத்தான் சார் நாங்க ஸ்ட்ரெஸ்னு சொல்றோம்” என்றார். “துக்கத்துக்குக் காரணம் உண்டுன்னும் சொன்னாரேம்மா. காரணம் அந்த மாடிப்படிக்கு அடியில இருக்கு” என்றேன். அவர் குரலைத் தாழ்த்தினார்: “காரணம் தேடுறதுதான் சார் எங்க படிப்பே. ஆனா ஆளுக்குள்ள மட்டும் தேடுங்க, ஆபீசுக்குள்ள தேடாதீங்கன்னுதான் கூப்பிட்டிருக்காங்க.”

ஒரே ஒரு திராட்சை

துப்புரவுப் பெண்களுக்கும் ஒருநாள் தியான வகுப்பு. ஆளுக்கு ஓர் உலர்திராட்சை; அதை உருட்டிப் பார்த்து, முகர்ந்து, மெதுவாக மெல்ல வேண்டும். சாப்பிடும்போது மனம் சாப்பாட்டில் இருக்க வேண்டும் என்பது பௌத்தம்தான்; அமெரிக்கா போய்த் திரும்பியதும் அது மருந்தாகிவிட்டது. பயிற்சியாளர் கண்ணை மூடச் சொன்னதும் அவர்களில் ஒருவரான முனியம்மா கையைத் தூக்கினாராம்: “மேடம், ஒரு திராட்சைக்கே இவ்ளோ நேரம்னா, ஒரு டப்பா சோத்துக்கு எவ்ளோ நேரம் குடுப்பீங்க?”

மூன்றாவது வரி

தியான அறைச் சுவரில் ‘புத்தம் சரணம், தம்மம் சரணம்’ என்று எழுதியிருந்தார்களாம். ‘சங்கம் சரணம்’ மட்டும் இல்லையாம். எழுதிய பெயிண்டர் அத்திபெலேக்காரர். டீக்கடையில் மடக்கிக் கேட்டேன். சிரித்தார்: “எழுதத்தாண்ணா போனேன். மேனேஜர் ஓடிவந்து ‘பேடா, சங்க மாத்திர பேடா’ன்னுட்டாரு, சங்கம் மட்டும் வேண்டாமாம். சங்கம்னு எழுதினா நீங்க உள்ள வந்துடுவீங்களாம்!”

முதலில் உட்கார்ந்தவர்

ஒரு மதியம் பெண்கள் டிபன் டப்பாக்களோடு தியான அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். வேலை போகலாம் என்று தெரிந்தேதான் போனார்கள். என்னைக் காவலாளிகள் கேட்டில் மறித்துவிட்டார்கள். உள்ளே நடந்ததை முனியம்மாதான் சொன்னார். மேனேஜர், பேசி எழுப்பச் சொல்லி ஆலோசகரை அனுப்பினார். அவரோ செருப்பைக் கழற்றிவிட்டு அவர்களோடு உட்கார்ந்துகொண்டார். “யாரு உங்க லீடர்?” என்று மேனேஜர் உறுமினார். முனியம்மா மூலையிலிருந்த சிலையைக் காட்டினார்: “அதோ, புத்தர்தான் சார். எங்களுக்கு முன்னாடியே வந்து உக்காந்துட்டாரு, முடிஞ்சா அவரை எழுப்புங்க!”

ஊர் மனத்தையெல்லாம் அமைதிப்படுத்தத் தெரிந்த அந்தக் கம்பெனிக்கு, உட்கார்ந்து சோறு தின்பவர்களை எழுப்ப மட்டும் இன்றுவரை தெரியவில்லை.