மிதிக்க வேண்டிய வாத்தியம்

வலது கால் பெருவிரலால் அந்தக் கறுப்புப் பெட்டியின் பொத்தானை ஒரு மிதி மிதிக்கிறார் விருத்தாசலம். ‘டக்’ என்கிறது. உடனே கிட்டாரை விட்டுவிட்டுக் குனிகிறார். பெட்டியைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்கிறார். நிமிர்ந்து பார்த்தால் செல்போனில் ஓடுகிற பாட்டு அவரை விட்டுவிட்டு இரண்டு வரி முன்னே போயிருக்கிறது. அரக்கப்பரக்க ஓடிப் பிடிக்கிறார். பிடித்த இடத்தில் மறுபடி மிதிக்க வேண்டியிருக்கிறது. வளவனூரில் அவர் வீட்டு முன்னறையில் ஒரு வாரமாக இந்தக் கூத்துதான்.

பகலில் அவருக்கு விழுப்புரத்தில் மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், எடை போடுகிற வேலை. முகூர்த்த நாளென்றால் சாயங்காலம் ‘செவ்வந்தி மெலடீஸ்’ குழுவில் லீடு கிட்டார். பூப்போட்ட சட்டை, பட்டையாக விபூதி. கிட்டார் உறையின் பக்கப் பையில் எப்போதும் ஒரு கைப்பிடி வறுத்த மல்லாட்டை இருக்கும். கீபோர்டுக்காரர் தனியாக வாசிக்கிற நேரம் பார்த்து நாலைந்தை வாயில் போட்டுக்கொள்வார். மைக் பக்கத்தில் இருந்தால் கடிபடுகிற சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்கும். அதற்கெல்லாம் அவர் கூச்சப்படுகிற ஆளில்லை.

அவருடைய பழைய ஆம்ப்ளிஃபயர் பீரோவுக்குத் தம்பி மாதிரி இருக்கும். அதை வேனில் ஏற்றினால் டிரம்ஸ்காரர் யார் மடியிலாவது உட்கார்ந்துதான் திண்டிவனம் வரைக்கும் போக வேண்டும். அவரும் லேசான ஆளில்லை. மடி கொடுத்தவர்கள் புகார் சொல்லிச் சொல்லி, கடைசியில் குழுத் தலைவர் அன்புச்செல்வன் ஒரு முடிவுக்கு வந்தார்.

“அண்ணே, இனிமே பொட்டி வேணாம். இத்தினூண்டு பெடல் ஒண்ணு வந்திருக்குது. ஊர்ல இருக்கற அத்தினி ஆம்ப்ளிஃபயர் சவுண்டும் உள்ளாற இருக்குது. காலால மிதிச்சா மாறும். திண்டிவனம் ரிசப்ஷன்ல இத வச்சி வாசிச்சிப் பாருங்க. சரிப்படலன்னா வுடுங்க, கீபோர்டுலயே கிட்டார் சவுண்டு வருது. நாங்க சமாளிச்சிக்கிறோம்.”

கடைசி வார்த்தையைத்தான் விருத்தாசலத்தால் தாங்க முடியவில்லை. கிட்டாரைக் கீபோர்டுக்காரன் வாசிப்பதா? அதைக் கீழே உட்கார்ந்து, வடை தின்றுகொண்டே இவர் கேட்பதா? அன்றைக்கு ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பெடல் வந்ததும் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார். குங்குமத்தில் கொஞ்சம் குமிழின் இடுக்கில் போய்விட்டது. அதிலிருந்து அந்தக் குமிழ் நறநறவென்றுதான் திரும்புகிறது. திரையில் வருகிற இங்கிலீஷ் பெயர்களோடு மல்லுக்கட்ட அவர் தயாராக இல்லை. தெளிவான சத்தத்துக்கு ‘ரசம்’ என்றும் கரகரப்பான சத்தத்துக்கு ‘வத்தக்குழம்பு’ என்றும் பெயர் வைத்துவிட்டார். ஹெட்போனை மாட்டினால் அவர் காதில் மைதானமே அதிர்கிறது. வெளியே உட்கார்ந்திருக்கிற மனைவி கிருஷ்ணவேணிக்குக் கேட்பதெல்லாம் வெறும் கம்பியின் ‘டிங்கு டிங்கு’வும், நடுநடுவே அவர் தன்னைத் தானே மெச்சிக்கொள்கிற ‘ஆங், அப்படி’யும்தான்.

எல்லாம் சரி. ரசத்திலிருந்து வத்தக்குழம்புக்குப் போக மிதித்தாக வேண்டுமே. அங்கேதான் சிக்கல்.

“மிதிக்கறதுக்குன்னே செஞ்ச சாமான மிதிச்சா இன்னாங்க பாவம்? வாசல்ல கெடக்கற மிதியடியக் கூடவா தொட்டுக் கும்புட்டுக்கினு வர்றீங்க?” என்றார் கிருஷ்ணவேணி.

“கிட்டாரு வாத்தியம். அது ஒயரு வழியா இதுக்குள்ளாறதான போவுது? அப்ப இதுவும் வாத்தியம். வாத்தியத்த ஒதைக்கச் சொல்றியா?”

வாதத்தில் அவரை யாரும் ஜெயித்ததில்லை. கிருஷ்ணவேணி துடைப்பத்தை எடுத்து வந்து, அதன் காம்பால் தானே அழுத்துவதாகச் சொன்னார். விருத்தாசலம் பதறிவிட்டார். அதற்குக் கால் எவ்வளவோ தேவலை. அடுத்து பூரிக்கட்டை வந்தது. அது நன்றாகவே வேலை செய்தது.

“ரிசப்ஷனுக்கு என்னியும் பூரிக்கட்டையையும் மேடையில நிறுத்திக்கினு வாசிப்பீங்களா?” என்று கேட்டதும் அந்தத் திட்டமும் படுத்துவிட்டது.

கடைசியாக அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கச்சேரிக்கு முன்னாலேயே, எத்தனை மிதி மிதிக்கப் போகிறாரோ அத்தனை தடவை தொட்டு ஒற்றிக்கொள்வது. அட்வான்ஸ் மன்னிப்பு. திண்டிவனம் மண்டபத்து மேடையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அப்படியே செய்தார். அன்புச்செல்வன் பக்கத்தில் வந்து காதோடு சொன்னார்: “அண்ணே, பாட்டு நடுவுல மட்டும் குனிஞ்சிடாதீங்க. பேஜாராயிடும்.”

மூன்றாவது பாட்டு குத்துப்பாட்டு. நடுவில் கிட்டாருக்கென்று தனி இடம். விருத்தாசலம் மிதித்தார். பயத்தில் அதே நொடியில் ஒரு கம்பியை ஓங்கி மீட்டியும் விட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அட்வான்ஸெல்லாம் அவர் முதுகுக்குத் தெரிந்தால்தானே? அது தானாக வளைந்தது. இடது கை கம்பியை அழுத்தியபடியே இருக்க, வலது கை பெட்டியைத் தொட்டுக் கண்ணுக்குப் போனது. தீர்ந்தது நம் கதை என்று நினைத்துக்கொண்டேதான் நிமிர்ந்தார்.

தீரவில்லை. வத்தக்குழம்புக்கு ஒரு குணம் உண்டு. ஒரு தடவை மீட்டிவிட்டால் சத்தம் அடங்காமல் இழுத்துக்கொண்டே நிற்கும். அவர் குனிந்து, ஒற்றி, நிமிர்கிற வரைக்கும் அந்த ஒற்றை ஸ்வரம் மண்டபத்தில் அவருக்காகக் காத்திருந்தது. அங்கிருந்து பிடித்தார் பாருங்கள், மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் நாற்காலியை ஒதுக்கிவிட்டு ஆட வந்துவிட்டார்கள். அடுத்த மிதிக்கு அவர் குனிந்தபோது அவர்களும் காலைத் தரையில் தட்டி, குனிந்து தொட்டு, கண்ணில் ஒற்றி ஆடினார்கள். அது ஏதோ புது ஸ்டெப் என்று நினைப்பு. ‘ஒன்ஸ்மோர்’ கேட்டு அதே பாட்டை இன்னும் இரண்டு தடவை வாசிக்க வைத்தார்கள். விருத்தாசலத்துக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதே தவிர, சந்தோஷம் தாங்கவில்லை.

மண்டபம் காலியான பிறகு அன்புச்செல்வன் மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டே மேடைக்குக் குறுக்கே வந்தார்.

“புதங்கிழம கிளியனூர்ல அண்ணே. ஜல்தியா வந்துடுங்க. அந்தக் குனியறத வுட்டுடாதீங்க.”

சொல்லிக்கொண்டே திரும்பியவரின் ஷூ முனை பெடலில் இடித்தது. நின்றார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். விருத்தாசலம் உறைக்குள் தலையை விட்டு, எப்போதோ தின்று தீர்த்துவிட்ட மல்லாட்டையைத் தேட ஆரம்பித்தார். அன்புச்செல்வன் சட்டென்று குனிந்து, பெடலைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.